சாரீரம் இல்லாதவன்

"பையனுக்கு ஞானம் இருக்கு மாமி. சாரீரம்தான் இல்லை."

எனக்கு எட்டு வயதானபோது பாட்டு வாத்தியார் என் அம்மாவிடம் சொன்ன வாக்கியம் இது. தியாகராய நகரில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்தில், பாடம் முடிந்து, காப்பிக்குக் காத்திருந்த இடைவெளியில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அவர் வந்தது அக்காவுக்காக. நான் இலவச இணைப்பு. மறுநாளிலிருந்து ஜமக்காளத்தில் அக்கா மட்டும் உட்கார்ந்தாள். நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதியபடி, அவளுக்கு நடந்த பாடம் அத்தனையையும் வாய் திறக்காமல் கற்றுக்கொண்டேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம். நடுவில் குழந்தைகளுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று இரண்டு நோட்டுஸ்வரங்கள்.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் நான் யார் முன்னாலும் பாடியதில்லை. குளியலறையில்கூடக் குழாயைத் திறந்துவிட்டுத்தான்.

பாட முடியாதவன் சென்னையில் என்ன ஆவான்? ரசிகன் ஆவான். அது கௌரவமான பதவி. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாநாட்டை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டிலிருந்து மறு ஆண்டு மியூசிக் அகாதெமி பிறந்தது. பிறகு வந்த சபாக்களும் டிசம்பர் சீசனும் சேர்ந்து, ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி கேட்கக்கூடிய ஒரு மனித இனத்தை இந்த நகரத்தில் உருவாக்கின. நான் அந்த இனம். ஆலாபனையின் இரண்டாவது பிடியில் ராகத்தைச் சொல்வேன். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து காண்டீனுக்குப் போகிறவர்களை மனத்துக்குள் சபிப்பேன். அடுத்த ஆண்டு நானும் போவேன். தொடையில் தாளம் போடுவேன், பக்கத்து இருக்கைக்காரர் தாளம் தவறினால் ஓரக்கண்ணால் பார்ப்பேன். பாடகரின் மேல்ஸ்தாயி சற்றுக் கம்மியாக இருந்தால், 'இன்றைக்குச் சாரீரம் ஒத்துழைக்கவில்லை' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். எட்டு வயதில் எனக்கு வழங்கப்பட்ட தீர்ப்பை நாற்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு வழங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

*

2017ஆம் ஆண்டு அலுவலக வேலையாக மூன்று மாதம் டப்ளினில் இருக்க நேர்ந்தது. அக்டோபர் மாதம். தினமும் தூறல். மாலை ஆறு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர், "உனக்கு இசை பிடிக்குமே, செஷனுக்கு வா" என்று லிஃபி ஆற்றின் வடகரையில் இருந்த ஒரு மதுக்கடைக்கு அழைத்துப்போனார். எனக்கு மதுப்பழக்கம் இல்லை. ஆரஞ்சு ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேடை எங்கே என்று தேடினேன்.

மேடை இல்லை. ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நமக்கு முதுகைக் காட்டியபடி, ஒருவரையொருவர் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஃபிடில் (நம் வயலின்தான், பெயர்தான் வேறு), ஒரு மரப் புல்லாங்குழல், ஒரு கான்சர்ட்டினா, முழங்கையால் துருத்தியை அழுத்தி ஒலிக்க வைக்கும் பைப், ஆட்டுத்தோல் போர்த்திய பௌரான் என்ற பறை. மைக் கிடையாது. யாரும் அறிவிக்கவில்லை. ஒருவர் தொடங்குவார், இரண்டாவது அளவிலேயே மற்றவர்கள் அந்த மெட்டைக் கண்டுகொண்டு சேர்ந்துவிடுவார்கள். ஒரு மெட்டுக்கு இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டு அளவு, ஒவ்வொன்றும் இருமுறை. முழு மெட்டையும் மூன்று முறை வாசித்ததும், தொடங்கியவர் ஓர் இமைப்பில் வேறு மெட்டுக்குத் தாவுகிறார். கூட்டம் முழுவதும் கூடவே தாவுகிறது. வெளியாளுக்கு ஒரே பாட்டுபோலத் தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு.

நண்பர் காதோடு விதிகளைச் சொன்னார். எங்கும் எழுதி வைக்காத விதிகள். தெரியாத மெட்டை வாசிக்கக் கூடாது. பேசாமல் கேட்க வேண்டும். பௌரான் ஒருவர்தான் வாசிக்கலாம், இரண்டாமவர் தன் கருவியை மேஜைக்கடியில் வைத்துவிட வேண்டும். காலி நாற்காலி என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது பாடத் தொடங்கினால் கடை முழுவதும் அமைதியாக வேண்டும். பாடி முடித்தவருக்கு அடுத்தவரைப் பாடச்சொல்லி அழைக்கும் உரிமை உண்டு.

இதைப் பழங்கால வழக்கம் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தபோது, மதுக்கடையில் கூடி வாசிப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவிய பழக்கம் என்று தெரிந்தது. அதற்கு முன் அந்த இசை வீட்டுச் சமையலறைகளிலும் நாற்சந்திகளிலும், நடனத்துக்குத் துணையாக இருந்தது. 1935இல் அயர்லாந்து அரசு பொது நடனங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது; பாதிரிமார்களும் போலீஸும் அதைக் காட்டி வீட்டு நடனங்களையும் ஒடுக்கினார்கள். பிழைப்புக்காக லண்டன் போன ஐரிஷ் தொழிலாளர்களுக்கு வாடகை அறையில் கூடிப் பாட இடமில்லை, மதுக்கடையில் கூடினார்கள். அந்தப் பழக்கம் ஊருக்குத் திரும்பி வந்தது. வீட்டை இழந்த இசை உட்கார ஓர் இடம் தேடிக்கொண்ட கதை அது.

அன்று ஒரு பெரியவர் பத்து வயதுப் பேத்தியை அழைத்து வந்திருந்தார். அவள் கையில் ஒரு தகரக் குழல். இடையில் ஓர் ஓய்வு வந்தபோது பெரியவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தொடங்கினாள். இரண்டு ஸ்வரங்களுக்கிடையே ஊஞ்சல்போல் ஆடித் தொடங்கும் மெட்டு. மற்றவர்கள் அவள் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்லச் சேர்ந்தார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது 'வந்தே மீனாக்ஷி'. எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கா பாடியது. ஒவ்வொரு ஸ்வரமும் எனக்கு மனப்பாடம்.

*

இதில் மாயம் ஒன்றுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில், அவ்வூர் முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. கம்பெனியின் பேண்டு வாத்தியத்தை அவர்கள் கேட்டார்கள். தம்பி பாலுஸ்வாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இன்று கர்நாடகக் கச்சேரி மேடையில் வயலின் உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் கற்றலும் ஒரு காரணம். அண்ணன், தாம் கேட்ட வெள்ளைக்கார மெட்டுகள் சிலவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். கமகமில்லாத, சங்கராபரண ஸ்வரங்களாலான சிறு உருப்படிகள். ஏறத்தாழ நாற்பது கிடைக்கின்றன. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. 'வந்தே மீனாக்ஷி'யின் மெட்டு, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலுள்ள மால்லோ என்ற ஊரின் போக்கிரி இளைஞர்களைப் பற்றிய பாட்டு. கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மால்லோவின் குடிகாரர்கள் எப்படியோ கடல்தாண்டி வந்து மதுரை மீனாட்சியின் காலடியில் விழுந்துவிட்டார்கள். அந்தப் பாட்டைத்தான், தன் வழியாகச் சென்னை போய்வந்த கதை எதுவும் தெரியாமல், அந்தச் சிறுமி வாசித்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்ததும் பெரியவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "இந்த மெட்டு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். "அப்படியானால் உங்களிடம் ஒரு பாட்டு இருக்கிறது" என்றார். கடை அமைதியானது. எல்லா முதுகுகளும் திரும்பி முகங்களாயின. அந்தச் சிறுமி தகரக் குழலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் சொன்னேன்: "இல்லை, நான் கேட்பவன் மட்டும்."

அவர் வற்புறுத்தவில்லை. அதுவும் எழுதாத விதிகளில் ஒன்றாக இருக்கலாம். கான்சர்ட்டினாக்காரர் அடுத்த மெட்டைத் தொடங்கினார். முகங்கள் மறுபடி முதுகுகளாயின.

அன்றிரவு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, 'வந்தே மீனாக்ஷி'யை முழுவதும் பாடினேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இரவல் வாங்கிய பாட்டை, கொடுத்தவர் வீட்டிலேயே ஒருமுறை திருப்பிப் பாடிக்காட்டும் வாய்ப்பு ஒரு மனிதனுக்கு எத்தனை தடவை வரும்? எனக்கு வந்தது. ஒரு குழந்தைகூடத் துணிந்து வாசித்த இடத்தில், நான் என் சாரீரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

*

சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் என் அத்தை இருக்கிறாள். அப்பாவின் மூத்த சகோதரி. மறு ஆண்டு நவம்பரில் அவளைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். சீசன் டிக்கெட் வாங்கிவிட்டாயா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன்.

"ஏண்டா, மார்கழி ஒண்ணாந்தேதி காலம்பற நாலே முக்காலுக்கு வா. தெரு பஜனைக்குப் போலாம்" என்றாள்.

"எனக்குப் பாட வராது அத்தை."

"பாட வான்னு யாரு சொன்னா? நடக்க வான்னேன்."

மயிலாப்பூரின் மார்கழி பஜனையைச் சொல்லும்போது பாபநாசம் சிவனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1890இல் தஞ்சை மாவட்டத்தில் போலகம் என்ற ஊரில் பிறந்தவர். இளமையில் திருவனந்தபுரத்தில் நீலகண்ட சிவனின் பஜனையில் சேர்ந்து பாடி, அந்த வழியைப் பற்றிக்கொண்டவர். சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தங்கியபின், மார்கழி விடியற்காலைகளில் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளைச் சுற்றி பஜனை பாடிப்போவதை ஆண்டுக்காண்டு நடத்தினார். தியாகராஜ பாகவதருக்குச் சினிமாவில் எழுதிய பாட்டுகளால் நாடறிந்தவராக ஆனபிறகும், மார்கழியில் அவர் இடம் இந்த வீதிதான். 1973இல் மறைந்தார். பஜனை நிற்கவில்லை. இன்று ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் மாட வீதிகளைச் சுற்றுகின்றன. அத்தையினுடையது அவற்றுள் சிறிய ஒன்று, பெயர்ப்பலகைகூட இல்லாதது.

மார்கழி முதல் நாள் அடையாற்றிலிருந்து வந்து சேர்ந்தபோது இருட்டு விலகவில்லை. கிழக்குக் கோபுரத்தெதிரே இருபது பேர் இருந்தார்கள். தோளில் துண்டால் கட்டித் தொங்கவிட்ட மிருதங்கம், கழுத்திலிருந்து தொங்கும் ஆர்மோனியம், நாலைந்து ஜால்ரா, ஒரு ஜோடி சிப்ளாக்கட்டை. பனியில் மிருதங்கத்தின் தோல் இறங்கியிருந்தது. அவர் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குல்லாயும் மப்ளருமாக இருந்தார்கள். சென்னைக் குளிருக்கு அது அதிகம்தான், ஆனால் மார்கழிக்கு மப்ளர் ஒரு சம்பிரதாயம். வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை. அத்தை என்னைக் காட்டி, "என் தம்பி பிள்ளை" என்றாள். முன்பாட்டுக்காரர் தலையசைத்துவிட்டுத் தொடங்கினார். கோயிலை வலமாக வைத்து நடக்கத் தொடங்கினோம்.

முதல் நாள் வாயை மட்டும் அசைத்தேன். பழகிய தந்திரம். ஆனால் தெற்கு மாட வீதி திரும்புவதற்குள் ஒன்று கவனத்துக்கு வந்தது. டப்ளினில் அந்த மேஜையைச் சுற்றி உட்கார மெட்டு தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் கேட்கலாம், அவ்வளவுதான். அது நியாயம். சபாவிலோ, தெரிந்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அதுவும் அதன் நியாயம். இங்கே முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாடுகிறார். அதே வரியைக் கூட்டம் திருப்பிப் பாடுகிறது. நமக்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வரி நமக்கு முன்கூட்டியே கையில் தரப்படுகிறது. வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும். தப்பாகத் திருப்பினாலும், அடுத்த முறை அவர் அதே வரியைச் சற்று அழுத்திப் பாடித் தருவார். திருத்துகிறார் என்றுகூடத் தெரியாது. வடக்கு மாட வீதிக்கு வருவதற்குள் அந்தப் பாட்டு நமக்குத் தெரிந்த பாட்டாகிவிடும்.

இந்தப் பதில் குரலுக்குப் பெயர் பின்பாட்டு. அந்தச் சொல் மனத்துக்குள் ஓடியபோது சற்றுத் திடுக்கிட்டேன். பின்பாட்டுப் பாடுகிறவன், ஜால்ரா அடிக்கிறவன், ஒத்து ஊதுகிறவன்: நம் மொழியில் மூன்றும் வசை. அரசியல் மேடையைப் பார்த்து நாம் தினமும் சொல்கிற வசை. முன்னால் நிற்பவனுக்குத் தாளமும் சுருதியும் குரலும் கொடுத்துத் தாங்குகிற மூன்று வேலைகளையும் தமிழ் இகழ்ச்சிச் சொற்களாக்கி வைத்திருக்கிறது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் எந்த இசையும் இல்லை. நானும் அந்த வசைகளை எழுத்தில் பயன்படுத்தியிருக்கிறேன்.

*

மூன்றாம் நாள், ஜால்ரா போடுகிறவர் ஒருவர் வரவில்லை. அத்தை அவருடைய ஜால்ராவை என் கையில் திணித்தாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. நாற்பது ஆண்டுகளாகச் சபாக்களில் பிழையில்லாமல் தாளம் போட்டவனல்லவா? சாதாரண நாலெண்ணிக்கை, இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருந்தது. ஜால்ராவை ஒட்டித் தட்டி ஒலியை அடைக்க வேண்டிய இடம் உண்டு, விலக்கி ஒலிக்கவிட வேண்டிய இடம் உண்டு. அதற்குமேல் கால் வேறு நடக்கிறது. குப்பைத் தொட்டியை, படுத்திருக்கும் நாயை, நடுத்தெருக் கோலத்தை மிதிக்காமல் விலக வேண்டும். இரண்டு நிமிடத்தில் என் ஜால்ரா மிருதங்கத்தை முந்தி ஓடத் தொடங்கியது. கூட்டம் முழுவதும் என்னோடு இழுபட்டது. முன்பாட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அது நான் நன்கறிந்த பார்வை. பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு நான் வழங்கிவந்த அதே ஓரக்கண்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தாளம் ஓடறது. கையை நிறுத்து. வாயைத் திற."

திறந்தேன். வெட்கத்தில், வேறு வழியில்லாமல் திறந்தேன். முன்பாட்டுக்காரர் ஒரு வரியைத் தந்தார். அதைத் திருப்பிக் கொடுத்தேன். என் குரல் எனக்கே கேட்டது: சற்றுத் தடித்தது, மேலே போகாதது. மேலே போக வேண்டிய இடத்தில் அத்தையின் குரலும் இன்னும் பத்துக் குரல்களும் போயின. என் குரல் கீழேயே நின்று அவற்றுக்கு இடம் விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குளத்தோரம் வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். எங்களுக்காக இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் கும்பிடு வந்து விழுந்த கூட்டத்தில் என் குரலும் இருந்தது.

பாட்டு வாத்தியார் சொன்னது தவறல்ல. எனக்குச் சாரீரம் இல்லைதான். சாரீரம் இல்லாதவர்களுக்கும் ஒரு வீதி இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

*

இத்தோடு நிறுத்தினால் இனிய கட்டுரையாக இருக்கும். ஆனால் அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது.

எங்கள் சுற்றில் ஒரு முனையில் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர் உண்டு. விடியலில் கரி மூட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் வந்ததும் விசிறுவதை நிறுத்திவிட்டு நிற்பார், கடந்ததும் விசிறுவார். ஒருநாள் பஜனை முடிந்து, தொன்னையில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நீங்களும் சேர்ந்து நடக்கலாமே" என்றேன்.

"நாம எங்க சார், கேக்கறதோட சரி" என்றார்.

டப்ளினில் நான் சொன்ன அதே வாக்கியம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. என்னைத் தடுத்தது ஒரு வாத்தியாரின் ஒற்றை வரி. அவரைத் தடுப்பது எது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சிவன் இந்த வீதிகளில் பாடத் தொடங்கிய காலத்தில், மாகாணத்தின் பெருங்கோயில்களுக்குள் எல்லோரும் நுழைய முடியாது. சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. 1920களில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைப் பொருள் செலவிட்டுக் கட்டியெழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அங்கே ஆராதனையில் பாட இடம் தர மறுத்தார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். சட்டம் மாறுகிறது, சபை விதி மாறுகிறது. ஆனால் எழுதி வைக்காத விதியை யார் அழிப்பது? 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று நாங்கள் உண்மையாகவே சொன்னோம். அந்த 'யார்' என்ற சொல்லுக்குள் தாம் இருப்பதாக அவர் நினைப்பதற்கு நாங்கள் என்ன செய்தோம்? டப்ளினில் எனக்காகத் திரும்பியவை அத்தனை முகங்கள். இங்கே அவரை நோக்கித் திரும்பியது, கையில் பொங்கலோடு ஒரே ஒரு முகம்.

அவர் வரவில்லை. அடுத்த மார்கழியில் நான் மறுபடி கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

*

2020 மார்கழியில் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. சபாக் கச்சேரிகள் இணையத்துக்குப் போயின. நாற்காலியும் காண்டீனும் இல்லை என்பதைத் தவிர ரசிகனுக்குப் பெரிய இழப்பில்லை. எங்கள் குழுவும் ஜூமில் கூடியது. முதல் நாளே தெரிந்துவிட்டது, பின்பாட்டு இணையத்தில் நடக்காது என்று. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒலி போய்ச் சேர ஆகும் அந்தச் சிறு தாமதம் பேச்சுக்குப் போதும், தாளத்துக்குப் போதாது. இருபது பேரும் சேர்ந்து பாடினால் இருபது திசையில் சிதறியது. அயர்லாந்திலும் அந்த ஆண்டு இதே கதைதான்: ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தங்கள் தங்கள் வீட்டில் ஒலியை அடைத்துவிட்டுக் கூடவே வாசித்தார்கள் என்று நண்பர் எழுதியிருந்தார்.

நாங்களும் அதையே செய்தோம். "எல்லோரும் மியூட்டில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் குழுவின் இளைஞர். முன்பாட்டுக்காரர் மட்டும் பாட, நான் அடையாற்றில் என் அறையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் பின்பாட்டுப் பாடினேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிய காலத்துக்கே திரும்பிவிட்டதாகத் தோன்றியது.

அப்போது ஒரு குரல், அரைத்தாளம் பின்தங்கி, கரகரவென்று வந்தது. ஒவ்வொரு வரிக்கும் வந்தது. நடுவில் குக்கர் விசில் வேறு. "யாரோட மைக்கோ ஆன்ல இருக்கு, தயவுசெய்து ஆஃப் பண்ணுங்க" என்றார் இளைஞர், இரண்டு முறை. யார் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு மைக்கை அணைக்கத் தெரியாது. போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. முன்பாட்டுக்காரரும் ஒரு கட்டத்தில் புரிந்துகொண்டார்போலும். வரியை முடித்ததும் சற்று நிறுத்தினார். அந்தத் தாமதமான குரல் வந்து சேர்ந்து முடிந்தபின் அடுத்த வரியைத் தொடங்கினார். அன்று முழுவதும் அப்படியே பாடினார். தாளம் என்று பார்த்தால் அது தாளமே இல்லை.

2022 மார்கழியில் மறுபடி நடந்தோம். அத்தைக்கு எண்பது வயது. நாலு வீதியும் முடியாது. முதல் வீதி நடந்துவிட்டு, இஸ்திரி வண்டி நிற்கும் முனையில் நின்றுவிடுவாள். நாங்கள் மற்ற வீதிகளைச் சுற்றிவிட்டு வந்து அழைத்துப்போக வேண்டும். அவர் தம் முக்காலியை அவளுக்குப் போட்டுத் தருவார். ஒருநாள் அவளை அங்கே உட்கார வைத்துவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்தபோது, பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏம்ப்பா, கையைச் சித்த நிறுத்து. வாயைத் திற."

அவர் சிரிப்பது கேட்டது. முன்பாட்டுக்காரர் அடுத்த வரியைக் கொடுத்தார். நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். முனை திரும்பிவிட்டதால், எங்களுக்குப் பின்னால் அந்த வரியை எத்தனை பேர் பாடினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.